புயலுக்கு மறுநாள் மெழுகுவர்த்தி என்ன விலை? கொள்ளை விலையைத் தடுக்கும் சட்டங்கள், ஓர் ஒப்பீடு

2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா புயல் புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கமும் மின்கம்பங்களைச் சாய்த்துவிட்டுப் போனது. பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படியொரு வாரம் மறுபடி வந்தால் காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர் வீடுகள் முதலில் தேடுவது மெழுகுவர்த்தி, வெங்காயம், மோட்டார் ஓடாததால் லாரித் தண்ணீர். இந்த மூன்றுக்கும் ஒரே சட்டம் காவல் நிற்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது தவறு.

மெழுகுவர்த்தியில் தொடங்குவோம். பாக்கெட்டில் அச்சிட்ட எம்.ஆர்.பி.க்கு மேல் விற்கக் கூடாது என்பது 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள். இவை எடையளவுச் சட்டத்தின் கீழ் வருபவை. புயல், பேரிடர் என்று யாரும் அறிவிக்க வேண்டியதில்லை. வருஷம் முழுக்க அமலில் இருக்கும். குற்றத்தை நிரூபிக்கப் பாக்கெட்டும் பில்லும் போதும். இவ்வளவு எளிமையான விதி பல நாடுகளில் கிடையாது.

ஆனால் கொண்டுவரும் செலவு இந்த விதியின் கணக்கில் வராது. ஒரு பேச்சுக்கு, எம்.ஆர்.பி. 60 ரூபாய் உள்ள பாக்கெட்டைக் கடைக்காரர் வழக்கமாக 40க்கு வாங்கி 50க்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். புயலுக்குப் பிறகு திருச்சியில் கொள்முதல் 50 ஆகிறது. மரம் விழுந்த சாலையைச் சுற்றி வரும் வேனுக்குப் பாக்கெட்டுக்கு 8. அடக்கவிலை 58, உச்சவிலை 60. இரண்டு ரூபாய்க்காக யார் வேன் அனுப்புவார்? பழைய சரக்கு தீர்ந்ததும் கடையில் 'இல்லை' என்ற பதில்தான் கிடைக்கும். இல்லையென்றால் பாக்கெட்டைப் பிரித்து ஒவ்வொன்றாகச் சில்லறைக்கு விற்பார்கள். ஒற்றை மெழுகுவர்த்தியில் விலை அச்சிட்டிருக்காது.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் இதற்கு வேறு வழி வைத்திருக்கிறது. அங்கே அவசரநிலை அறிவித்தால், அடுத்த 30 நாள் வரை, அறிவிப்புக்குச் சற்று முன்பிருந்த விலையைவிட 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது. மீறினால் ஓராண்டு வரை சிறை அல்லது 10,000 டாலர் வரை அபராதம், இரண்டும்கூட. மெழுகுவர்த்தி, தண்ணீர், பேட்டரி, போர்வை எல்லாம் சட்டத்திலேயே பெயர் சொல்லி எழுதப்பட்டவை. அடக்கவிலை கூடியதை வியாபாரி நிரூபித்தால், அந்த அடக்கத்தோடு வழக்கமான லாபத்தைச் சேர்த்து, அதற்கு மேல் 10 சதவீதம் வரை போகலாம். நம் கடைக்காரருக்கு இதைப் பொருத்தினால் பழைய சரக்குக்கு 55 ரூபாய்தான். புதுச் சரக்குக்கு 58, வழக்கமான 25 சதவீத லாபம் சேர்த்தால் 72.50, அதன் மேல் 10 சதவீதம்: 79.75. எழுபத்தொன்பது கேட்பவர் குற்றவாளி அல்ல, நூற்றைம்பது கேட்பவர் குற்றவாளி. அலைந்து கொண்டுவந்தவரையும் பதுக்கி வைத்தவரையும் பிரித்துப் பார்க்கும் இந்த நியாயம் நம் எம்.ஆர்.பி. விதியில் இல்லை. புளோரிடாவில் சதவீதம் கிடையாது. முந்தைய 30 நாள் சராசரியோடு 'பெரும் வேறுபாடு' இருந்தால் சட்டமீறல். எவ்வளவு இருந்தால் பெரிது என்பதில் வழக்கு இழுக்கும். இரண்டில் எண் எழுதிய சட்டமே மேல்.

வெங்காயத்துக்கு எம்.ஆர்.பி. இல்லை. அதற்கு நம்மிடம் உள்ளது 1955ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பொருட்கள் சட்டம். கடுமையில் குறைவில்லை: பறிமுதல் செய்ய ஆட்சியருக்கு அதிகாரம், ஏழாண்டு வரை சிறை. 1980ஆம் ஆண்டின் கள்ளச்சந்தைத் தடுப்புச் சட்டத்தில் ஆறு மாதம் வரை தடுப்புக்காவலும் உண்டு. ஆனால் அரசு ஆணை போடும்வரை 1955ஆம் ஆண்டுச் சட்டம் உறையிலிட்ட வாள். விலை ஏறிய பிறகே ஆணை வரும். 2020 அக்டோபரில் வெங்காயத்துக்கு மொத்த வியாபாரிக்கு 25 டன், சில்லறை வியாபாரிக்கு 2 டன் என்று இருப்பு வரம்பு வந்தது. காரைக்குடிச் சந்தையில் தரையில் சாக்கு விரித்து விற்பவரிடம் 2 டன் எப்படி இருக்கும்? பதுக்கல் நடப்பது மேலே, கொள்முதல் சந்தைகளின் கிடங்குகளில். வரம்பு அங்கே அமலானால் பலன் உண்டு. இங்கே தள்ளுவண்டியை மறித்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

2020இல் வந்த திருத்தம் இதற்கு ஓர் அளவுகோல் வைத்தது: காய்கனி விலை 100 சதவீதமோ, கெடாத தானியங்களின் விலை 50 சதவீதமோ ஏறினால்தான் இருப்பு வரம்பு. 2021இல் வேளாண் சட்டங்களோடு அதுவும் ரத்தானது. எண்ணைச் சட்டத்திலேயே எழுதி வைத்தது சரி. இரட்டிப்பாகும்வரை காத்திருக்கச் சொன்னது குடும்பங்களுக்குக் கொடுமை.

அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தின் அட்டவணையில் மருந்து, உரம், உணவுப்பொருள், பெட்ரோலியம், விதை போன்ற ஏழு வகைதான். மெழுகுவர்த்தியும் தார்ப்பாயும் ஜெனரேட்டர் வாடகையும் அதில் இல்லை. சேர்க்க வழி உண்டு: 2020 மார்ச் 13 அன்று முகக்கவசமும் சானிடைசரும் சேர்க்கப்பட்டன, மார்ச் 21 அன்று மூன்றடுக்குக் கவசம் 10 ரூபாய், 200 மில்லி சானிடைசர் 100 ரூபாய் என்று விலையும் கட்டினார்கள். நாடு தழுவிய நோய்க்கு எட்டு நாள் ஆனது. இரண்டு மாவட்டத்துப் புயலுக்கு டெல்லியிலிருந்து அறிவிக்கை வரும் என்று காத்திருந்தால் வீடு இருட்டிலேயே கிடக்கும்.

லாரித் தண்ணீருக்கு அச்சு விலையும் இல்லை, விலை ஆணையும் இல்லை. இங்கே உதவுவது 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம். அதன் 65ஆம் பிரிவின்படி மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் மீட்புப் பணிக்கு வாகனத்தையும் பொருளையும் கைப்பற்றலாம்; 66ஆம் பிரிவின்படி இழப்பீடு தர வேண்டும். விலையைக் கட்டிவிட்டு லாரி வருமா என்று பார்ப்பதைவிட, லாரியையே எடுத்து ஊரணிக்கரைத் தெருக்களுக்கு அனுப்புவது வேகமான வழி.

அரசே சரக்கை இறக்குவதும் ஒரு போட்டி வழிதான். 2023 ஜூலையில் தக்காளி விலை ஏறியபோது சென்னை ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்றார்கள். காய்கறிக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. எதிர் முனையில் 1952 ஜூனில் ராஜாஜி சென்னை மாகாணத்தில் அரிசிக் கட்டுப்பாட்டையே எடுத்தார். கட்டுப்பாடு நீங்கினால் சரக்கு வெளியே வரும் என்ற வாதம் விளைச்சல் இருக்கும் காலத்துக்குப் பொருந்தும். சாலை துண்டான வாரத்துக்குப் பொருந்தாது.

புகார் பெரும்பாலும் தோற்பது தப்பான மேசைக்குப் போவதால். எம்.ஆர்.பி. மீறலுக்கு வட்ட வழங்கல் அலுவலரிடம் போய்ப் பயனில்லை. அது தொழிலாளர் துறையின் அமலாக்கப் பிரிவுக்கு உரியது. ரேஷன், பதுக்கல் என்றால் வழங்கல் அலுவலர். கூடுதலாகக் கொடுத்த பணம் திரும்ப வேண்டுமென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம்: இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. விலை தெரியும்படி பாக்கெட்டைப் படம் எடுங்கள். பில் தராத கடையில் ஜிபேயில் கொடுத்தால் தொகையும் நேரமும் பதிவாகும். காய்கறிக்குப் புயலுக்கு முன்பே உழவர் சந்தை விலைப் பலகையையும் படம் எடுத்து வையுங்கள். முந்தைய வார விலை என்ன என்ற கேள்விக்கு வேறு சாட்சி கிடைப்பது அரிது.