ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸில் ஆயில் குறைந்தால்: ஏழாண்டு அனுபவம்

என்னுடையது 2015ஆம் ஆண்டு மாடல் டீசல் கார். 2018இல், 38,000 கிலோமீட்டர் ஓடியிருந்தபோது கோபிசெட்டிபாளையத்தில் ஒருவரிடம் வாங்கினேன். அப்பாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்த வருடம் அது. கிளட்ச் மிதிக்காமல் அவரும் ஓட்டட்டும் என்றுதான் ஆட்டோமேட்டிக்காகப் பார்த்து எடுத்தோம். இப்போது 1,38,000 கிலோமீட்டர் ஆகிறது. வண்டியைப் பற்றிப் பெரிய குறை இல்லை. கியர் பாக்ஸைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும்.

கசிவை முதலில் பார்த்தது அம்மா. விடியற்காலையில் வாசல் தெளிக்க வந்தவர், "கண்ணு, வண்டிக்கு அடியில் குங்குமத்தைக் கரைத்து ஊற்றியது மாதிரி இருக்கிறது, என்னவென்று பார்" என்றார். சிமெண்ட் தரையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு இரண்டு துளிகள். ஏ.சி. தண்ணீராக இருக்கும் என்று சொல்லிவிட்டுத் திருப்பூருக்குக் கிளம்பிவிட்டேன். ஏ.சி. தண்ணீருக்கு நிறம் ஏது? குனிந்து விரலில் தொட்டுத் தேய்த்திருந்தால் வழவழப்பு அப்போதே சொல்லியிருக்கும். அன்று மீட்டரில் 91,000 இருந்தது.

சில வாரங்களில் இன்னொன்று தொடங்கியது. காலையில் ரிவர்ஸில் போட்டால் வண்டி உடனே நகராது. ஒன்று, இரண்டு என்று எண்ணும் நேரம் கழித்து ஒரு குலுக்கலோடு பின்னால் போகும். சர்வீஸ் சென்டரில் கேட்டேன். "இந்த கியர் பாக்ஸ் ஆயிலை வண்டியின் ஆயுள் முழுக்க மாற்ற வேண்டியதில்லை சார்" என்றார்கள். இந்த வண்டியில் கியர் பாக்ஸுக்கு ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக் குச்சி கிடையாது. லிஃப்டில் ஏற்றி, இன்ஜின் ஓடும்போதே, ஆயில் குறிப்பிட்ட சூட்டுக்கு வந்த பிறகு அடியில் உள்ள போல்ட்டைத் திறந்துதான் அளவு பார்க்க முடியும். அந்தச் சிரமத்துக்கு யாரும் தயாராக இல்லை. வேறொரு பட்டறையில் அளவு பார்க்காமலே அரை லிட்டர் ஊற்றி அனுப்பினார்கள். குலுக்கல் நின்றது. நானும் சரியாகிவிட்டது என்று நம்பினேன்.

இங்கேதான் எனக்குப் புரியாமல் போன விஷயம் இருக்கிறது. இன்ஜின் ஆயில் கொஞ்சம் எரிந்து குறையும். கியர் பாக்ஸ் ஆயில் எரிந்து தீர்வதில்லை. குறைந்தது என்றால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். ஒழுகும் இடத்தை அடைக்காமல் ஊற்றுவது ஓட்டைக் குடத்தில் ஊற்றுவதுதான்.

96,000 கிலோமீட்டரில், தாளவாடியில் உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போனோம். பண்ணாரி அம்மனைக் கும்பிட்டுவிட்டு திம்பம் மலையில் ஏறினோம். மொத்தம் 27 கொண்டை ஊசி வளைவுகள். பாதி தாண்டியிருப்போம், இன்ஜின் அலறுகிறது, வண்டி நகரவில்லை. இன்ஜின் சுற்றைக் காட்டும் முள் மூவாயிரத்தைத் தாண்டுகிறது, சக்கரத்துக்கு வேகமே வரவில்லை. கருகிய நாற்றம் உள்ளே வந்தது. பின்சீட்டில் அப்பா, அம்மா, பக்கத்தில் மனைவி, பின்னால் கரும்பு லாரிகள். இரவுப் போக்குவரத்துக்குத் தடை உள்ள காட்டுப் பாதை வேறு.

பால் வண்டிக்காரர் ஒருவர் நிறுத்தி, கயிறு கட்டி இழுத்துப் போகலாம் என்றார். நல்ல மனது. ஆனால் கோவை கணபதியில் பட்டறை வைத்திருக்கும் அண்ணனைப் போனில் பிடித்தபோது, "தம்பி, கயிறு மட்டும் கட்டாதீங்க" என்று தடுத்துவிட்டார். இன்ஜின் ஓடாதபோது உள்ளே இருக்கும் பம்ப்பும் ஓடாது. சக்கரம் சுற்ற, ஆயில் போகாமல் மிச்சம் இருப்பதும் தேய்ந்துவிடும். தட்டு வைத்த ரிக்கவரி லாரி வரும்வரை காத்திருந்தோம்.

அவர் பட்டறையில் கியர் பாக்ஸின் அடியில் ஆயில் தேங்கும் தட்டான ஆயில் பேனைக் கழற்றியபோது பக்கத்தில் நின்றேன். சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில் காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. பேனில் இருக்கும் காந்தத்தைப் பனியன் வேஸ்ட்டால் துடைத்துக் காட்டினார். கறுப்புக் களிம்பு, அதில் ஊசி ஊசியாக இரும்புத் தூள். கியர் பாக்ஸுக்குள் இருக்கும் கிளட்ச் பிளேட்டுகளில், பிடிமானம் தரும் லைனிங் போய் வெறும் இரும்பு பளபளத்தது. காரணத்தை அவர் சொன்ன விதம் மறக்காது. "கிணற்றில் தண்ணீர் ஃபுட் வால்வுக்குக் கீழே போனால் மோட்டார் என்ன செய்யும்? காற்றை இழுக்கும். அதேதான்." மேட்டில் ஏறும்போது ஆயில் பின்பக்கம் ஒதுங்குகிறது. ஏற்கெனவே குறைவு என்பதால் பம்ப் காற்றையும் சேர்த்து இழுக்கிறது. ஆயில் நுரைக்கிறது, அழுத்தம் விழுகிறது, பிளேட்டுகள் இறுகப் பிடிக்காமல் உரசுகின்றன. உரசலில் சூடு, சூட்டில் ஆயில் கெடுகிறது, கெட்ட ஆயிலில் இன்னும் உரசல். சமதளத்தில் தெரியாத நோய் மலையில் வெளிப்பட்டது இதனால்தான்.

கசிந்த இடம், ஆயிலைக் குளிர்விக்க ரேடியேட்டருக்குக் கொண்டுபோகும் ஹோஸ். ரப்பரும் இரும்புக் குழாயும் சேரும் இடத்தில் வியர்த்ததுபோல் ஈரம், அவ்வளவுதான். ஹோஸுக்கு 3,200 ரூபாய். கியர் பாக்ஸ் வேலைக்கு ஆனது 1,46,000 ரூபாய். மகள் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணம் அது. இன்றும் மனது ஆறவில்லை.

ஆட்டோமேட்டிக் என்று விற்கும் சிறிய கார்கள் பலவும் ஏ.எம்.டி. வகை. அவற்றில் இருப்பது சாதாரண கியர் பாக்ஸ், கிளட்சையும் கியரையும் மட்டும் இயந்திரமே இயக்கும்; ஊற்றுவதும் வேறு ஆயில். தனித்தனி கியர் இல்லாமல் பெல்ட்டில் ஓடும் சி.வி.டி.க்கும் தனி ஆயில். என்னுடையதுபோல் டார்க் கன்வெர்ட்டர், அதாவது இன்ஜின் விசையை ஆயில் வழியாகக் கியர் பாக்ஸுக்குக் கடத்தும் பாகம், உள்ள வண்டி வைத்திருப்பவர்களுக்குத்தான் நான் சொல்வது அப்படியே பொருந்தும். சிவப்பாக இருக்கிறது என்று எந்த டப்பாவையும் ஊற்றவிடாதீர்கள். வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கும் ரகத்தைக் கேட்டு வாங்குங்கள்.

வேலை முடிந்து 42,000 கிலோமீட்டர் ஓட்டிவிட்டேன். 40,000 ஆனதும் ஆயில் மாற்றினேன். பேனைத் திறந்துவிட்டால் பாதிதான் வடியும், மீதி கன்வெர்ட்டருக்குள்ளேயே நின்றுவிடும் என்பதால், ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இன்னொரு முறை வடித்து ஊற்றினார் அண்ணன். மாதம் ஒருமுறை இரவில் வண்டிக்கு அடியில் பழைய அட்டைப் பெட்டியை விரித்துவைக்கிறேன். மார்கழிக் குளிரில் இரண்டிலிருந்து மூன்றாவது கியருக்கு மாறும்போது மட்டும் லேசான தட்டல் இருக்கிறது. அடுத்த முறை ஆயில் மாற்றும்போது கியர் மாற ஆயிலைத் திருப்பிவிடும் வால்வ் பாடியையும் திறந்து பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்.