டேப் விசைக்குப் பதில் சொல்லும் கட்டளை: மூன்று ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

நான் எழுதிப் பராமரித்துவரும் பேக்கப் கருவியில் இன்று நாற்பதுக்கும் மேற்பட்ட ஆப்ஷன்கள், அதாவது கட்டளையோடு சேர்த்து எழுதும் தேர்வுகள், இருக்கின்றன. கட்டளையைப் பாதி தட்டெழுதிவிட்டு, பெயர் நினைவுக்கு வராமல் அழித்து, உதவிப் பக்கத்தைத் திறந்து தேடி, மறுபடி முதலிலிருந்து எழுதுவது எங்கள் குழுவில் எல்லோருக்கும் பழகிப்போன தொல்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் கருவிக்கு டேப் நிரப்பல் சேர்த்தேன்: பாதி எழுதி டேப் விசையை அழுத்தினால் மீதிப் பெயரை நிரப்பும் வசதி.

முதல் வடிவம் பாஷ் ஷெல்லுக்கு (முனையத்தில் நாம் எழுதும் கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல்) மட்டும்; பன்னிரண்டு வரிகள்தான். 2000ஆம் ஆண்டு வந்த 2.04 பதிப்பிலிருந்தே பாஷில் இந்த வசதி உண்டு. டேப் விசையை அழுத்தியதும், நாம் பதிவு செய்துவைத்த செயற்கூற்றை ஷெல் அழைக்கும். அதுவரை எழுதிய சொற்களை வரிசையாகக் கொடுத்து, கர்சர் எந்தச் சொல்லில் நிற்கிறது என்பதையும் சொல்லும். பொருந்தும் விடைகளை 'காம்ப்ரிப்ளை' என்ற வரிசையில் போட்டுவிட்டால் போதும், மீதியை ஷெல்லே பார்த்துக்கொள்ளும்.

என்னை அதிகம் அலைக்கழித்தது சமக்குறி. 'ஃபார்மட்' ஆப்ஷனை எழுதி, சமக்குறி போட்டு, டேப் அழுத்தினால் எதுவும் வராது. நமக்கு ஒரே சொல்லாகத் தெரிவதை பாஷ் மூன்றாக உடைக்கிறது: ஆப்ஷன், சமக்குறி, மதிப்பு. முக்காற்புள்ளிக்கும் இதே கதிதான். இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. மதிப்பில் ஓர் எழுத்துகூட எழுதாதபோது நடப்புச் சொல்லே சமக்குறிதான். ஓர் எழுத்து எழுதிவிட்டால் சமக்குறி முந்தைய சொல்லாகிவிடுகிறது. இரண்டு நிலைகளையும் தனித்தனியே கவனிக்க வேண்டும். ஒன்றை விட்டால், சில நேரம் வேலை செய்து சில நேரம் செய்யாத நிரப்பல்தான் கிடைக்கும். அப்படிப்பட்டதை யாரும் நம்ப மாட்டார்கள்.

முதலாண்டு முடிவில் வேறொரு குறை வெளிப்பட்டது. ஆப்ஷன்களின் பட்டியலை நிரப்பல் கோப்பில் கையால் எழுதியிருந்தேன். கருவியில் ஓர் ஆப்ஷனின் பெயரை மாற்றினேன், பட்டியலை மாற்ற மறந்துவிட்டேன். உடன் பணிபுரிபவர் டேப் காட்டிய பழைய பெயரை நம்பி எழுத, அப்படி ஓர் ஆப்ஷன் இல்லை என்று கருவி மறுத்துவிட்டது. தவறாக வழிகாட்டும் நிரப்பலுக்கு நிரப்பலே இல்லாமலிருப்பது மேல் என்று அன்று தோன்றியது. இன்றும் அதே எண்ணம்தான்.

அதனால், கருவியே பதில் சொல்லட்டும் என்று மாற்றினேன். பட்டியல் சரியாக வந்தது, வேகம் போனது. கருவி பைத்தானில் எழுதப்பட்டது. டேப்பை அழுத்தும் ஒவ்வொரு முறையும் பைத்தான் தொடங்கி, நூலகங்களையெல்லாம் ஏற்றி, அதன் பிறகே விடை வரும். அரை வினாடிதான், ஆனால் விரல் அதற்குள் அடுத்த எழுத்துக்குப் போயிருக்கும். கடைசியில் நிலைத்தது மூன்றாவது வழி: புதிய பதிப்பை வெளியிடும்போதே, ஆப்ஷன்களைப் படித்தறியும் அதே நிரல்பகுதியிலிருந்து நிரப்பல் கோப்பு தானாக உருவாகிறது. சேமித்த பேக்கப்புகளின் பெயர்களை மட்டும் அந்தந்த நேரத்தில் கருவியிடம் கேட்கிறது. இரண்டாண்டுகளாக இந்த ஏற்பாட்டைத் தொட வேண்டியிருக்கவில்லை.

மேக் கணினிகளில் 2019இல் வந்த கேட்டலினா இயங்குதளப் பதிப்பிலிருந்து, பாஷைப் போன்ற இன்னொரு ஷெல்லான இசட்-ஷெல்தான் இயல்பிருப்பு. அக்கணினிகளோடு வரும் பாஷ் பழைய 3.2 பதிப்பு. வரிகளைப் படித்து வரிசையில் சேர்க்கும் 'மேப்ஃபைல்' கட்டளை பாஷ் 4இல்தான் வந்தது என்பதை அங்கே நிரப்பல் முறிந்தபோதுதான் கவனித்தேன். இசட்-ஷெல்லில் ஒவ்வோர் ஆப்ஷனுக்கும் பக்கத்தில் ஒரு வரி விளக்கம் காட்டலாம். உதவிப் பக்கத்தைத் திறப்பதே குறைந்துவிட்டது. புதிதாகச் சேர்த்த நிரப்பல் கோப்பை இசட்-ஷெல் கண்டுகொள்ளாவிட்டால் அதன் தற்காலிகச் சேமிப்புக் கோப்பை அழித்துப் பாருங்கள்.

நான் எதிர்பார்க்காத பலன் ஒன்று உண்டு. குனூ கருவிகள் பலவும், கட்டளையின் ஆப்ஷன்களைப் படித்தறியும் பைத்தானின் ஆர்க்பார்ஸ் நூலகமும், குழப்பம் இல்லாதவரை ஆப்ஷனின் பெயரைச் சுருக்கி எழுத அனுமதிக்கின்றன. 'வெரிஃபை' ஆப்ஷனை ஆங்கிலத்தில் அதன் முதல் மூன்று எழுத்துகளோடு நிறுத்தி, இரவில் ஓடும் ஸ்கிரிப்ட்டில் எழுதியிருந்தோம். அதே மூன்று எழுத்துகளில் தொடங்கும் 'வெர்போஸ்' வந்த இரவே ஸ்கிரிப்ட் பிழையோடு நின்றது. டேப் எப்போதும் முழுப் பெயரை எழுதிவிடுகிறது. முனையத்தில் சரிபார்த்த கட்டளையை அப்படியே ஸ்கிரிப்ட்டில் ஒட்டுவதால், சுருக்கங்கள் எங்கள் கோப்புகளிலிருந்து மெல்ல மறைந்துவிட்டன.

ஒரு குறை இன்னும் தீரவில்லை. சேர்ந்து வரக்கூடாத இரண்டு ஆப்ஷன்களில் ஒன்றை எழுதிய பிறகும் பாஷ் நிரப்பல் மற்றதைக் காட்டுகிறது. இசட்-ஷெல்லில் அதை ஒரு வரியில் விலக்கிவிடலாம். பாஷில் எழுதிய சொற்களை நாமே சோதித்து நீக்க வேண்டும். அடுத்த பதிப்பில் முதல் வேலை அதுதான்.