கேட்கும் கைபேசியும் கேட்காத சிறு புத்தகமும்: தமிழ் வாசிக்கப் பழகும் குழந்தைக்கு எது, எந்தக் கட்டத்தில்?

மூன்றாம் வகுப்பில் படிக்கும் குழந்தை, இரண்டாம் வகுப்பு அளவிலான கதையொன்றைத் தட்டுத்தடங்கலின்றிப் படிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது பேராசை அன்று. ஆயினும், ஊரகக் குழந்தைகளை வீடு வீடாகச் சென்று சோதிக்கும் ஏசர் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் அவ்வாறு படிக்க முடிந்த மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் 2018 இல் நூற்றுக்குப் பத்துப் பேர்தான். பெருந்தொற்றுக்குப் பிறகு, 2022 இல், அது ஐந்துக்கும் கீழே இறங்கியது. இந்தப் பள்ளத்தை நிரப்ப இரண்டு கருவிகள் குழந்தைகளின் கைக்கு வந்தன. ஒன்று, 2019 இல் 'போலோ' என்ற பெயரில் அறிமுகமாகிப் பின்னர் 'ரீட் அலாங்' எனப் பெயர் மாறிய கூகுளின் வாசிப்புச் செயலி. 2022 ஜூனில், தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் பாடம் சொல்லிக்கொடுத்த தமிழ்நாட்டு அரசின் இல்லம் தேடிக் கல்வி மையங்களில் அதைக் கொண்டு வாசிப்பு மாரத்தான் நடந்தது. மற்றொன்று, 2023 இல் பள்ளிக்கல்வித் துறை தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் மெல்லிய அச்சுப் புத்தகங்கள். நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை பிரித்து வந்தவை. மாலை நேர மையம் ஒன்றில் தன்னார்வலராக இருந்தபோது, இவ்வகைச் செயலிகள் சிலவற்றையும் இத்தகைய சிறு புத்தகங்களையும் ஒரே குழந்தைகளிடம் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தையும் ஆய்வுகள் சொல்வதையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரை.

செயலியின் வலிமை அதன் திரையில் இல்லை, காதில் இருக்கிறது. முப்பது குழந்தைகள் உள்ள வகுப்பில் நாற்பது நிமிடப் பாடவேளை முழுவதையும் வாசிக்கக் கேட்பதற்கே ஒதுக்கினாலும், ஒரு குழந்தைக்கு எண்பது விநாடிதான் கிடைக்கும். கைபேசியோ ஒரே குழந்தை பத்து நிமிடம் படிப்பதைச் சலிக்காமல் கேட்கிறது; சரியாகப் படித்த சொல்லின் நிறத்தை மாற்றுகிறது; திணறிய சொல்லைத் தொட்டால் உச்சரித்துக் காட்டுகிறது; நட்சத்திரமும் தருகிறது. எல்லாவற்றையும்விட, அது சிரிப்பதில்லை. பக்கத்தில் இருப்பவன் சிரித்துவிடுவான் என்று அஞ்சி வாயே திறக்காத குழந்தைகள், சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து கைபேசியிடம் உரக்கப் படித்ததைக் கண்டிருக்கிறேன். அச்சுப் புத்தகத்துக்கு இந்தக் காது இல்லை. பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால், பிழையாகப் படித்தாலும் அது பேசாமல்தான் இருக்கும்.

ஆனால் அந்தக் காது தமிழை எப்படிக் கேட்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். எதிர்பார்க்கும் வாக்கியம் எது என்று செயலிக்கு முன்கூட்டியே தெரியும். கேட்ட ஒலி அதற்கு ஏறக்குறைய ஒத்துவந்தால் ஏற்றுக்கொள்ளும். நான் பயன்படுத்திய செயலி ஒன்றில், ஒரு சிறுமி 'பழம்' என்பதைப் 'பளம்' என்று படித்தாள். சொல் உடனே பச்சையாயிற்று. அடுத்த வரியில் இருந்த 'வந்துவிட்டான்' என்பதை, வீட்டில் பேசுவதுபோல் 'வந்துட்டான்' என்றாள். செயலி நகர மறுத்தது. மூன்று முறை அப்படியே சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அருகில் ஓர் ஆசிரியர் இருந்திருந்தால் இதை நேர்மாறாகச் செய்திருப்பார்: ழகரத்தில் நிறுத்தித் திருத்தியிருப்பார், 'வந்துட்டான்' என்றதைக் கேட்டு, குழந்தை பொருள் புரிந்துதான் படிக்கிறது என்று மகிழ்ந்து, எழுதியிருப்பதைப் போல இன்னொரு முறை படிக்கச் சொல்லியிருப்பார். பேச்சும் எழுத்தும் இவ்வளவு விலகி நிற்கும் மொழியில் இது சிறிய குறை அன்று.

றன்னகரம், டண்ணகரம் விஷயத்தில் செயலியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 'மனம்', 'மணம்' இரண்டையும் பேச்சில் வேறுபடுத்தாதவர்கள் நம்மிலேயே பலர் இருக்கும்போது, இயந்திரம் மட்டும் எப்படிப் பிரித்தறியும்? இந்த வேறுபாடு கண் வழியாகவும் கை வழியாகவும்தான் மனத்தில் பதிகிறது. புத்தகத்தைப் பார்த்துப் படித்தபின் நான்கு சொற்களைச் சொல்வதை எழுதுதலாகக் கொடுத்தால், எந்தக் குழந்தை எங்கே தடுமாறுகிறது என்பது நோட்டில் தெரிந்துவிடும்.

கையெழுத்துக்கும் விசைப்பலகைக்கும் இடையே வேறொரு முரண்பாடும் உண்டு. குழந்தை 'கெ' எழுதும்போது முதலில் கொம்பைப் போட்டு, பிறகு ககரத்தை எழுதுகிறது. தமிழ்99 விசைப்பலகையிலோ முதலில் க, பிறகு எ. கொம்பு தானாக முன்னால் தாவி உட்கார்ந்துகொள்ளும். 'கொ' என்றால் கொம்பும் காலும் இருபுறமும் ஒரே தட்டலில் முளைக்கின்றன. உயிர்மெய்யை மெய்யும் உயிரும் சேர்ந்த ஒன்றாகப் பார்க்கும் இலக்கண முறைக்கு விசைப்பலகையே நெருக்கமானது என்று வாதிடலாம்; நானும் ஒருகாலத்தில் வாதிட்டிருக்கிறேன். ஆனால் கொம்பு எந்த எழுத்தைச் சேர்ந்தது என்றே தெரியாமல், முந்தைய எழுத்தோடு ஒட்டிப் படித்துக் குழம்பும் ஆறு வயதுக் குழந்தைக்கு, அந்தக் கொம்பைத் தன் கையால் போட்டுப் பார்ப்பதுதான் உதவியது.

ஓரிடத்தில் மட்டும் திரை மறுக்க முடியாதபடி முந்துகிறது. 'கல்', 'தங்கம்', 'பகல்' மூன்றிலும் எழுத்து ஒரே க. ஒலி மூன்று விதம். வீட்டில் தமிழ் கேட்டு வளரும் குழந்தை சொல்லை அடையாளம் கண்டதும் ஒலியைத் தானே சரிசெய்துகொள்ளும். கனடாவிலோ சிங்கப்பூரிலோ ஆங்கிலம் பேசும் வீட்டில் வளரும் தமிழ்க் குழந்தைக்கு அந்த வாய்ப்பு இல்லை. அதற்குத் தொட்டால் ஒலிக்கும் சொல், நூறு அச்சுப் பக்கங்களைவிடப் பயன் தரும்.

பொருள் புரிதலைப் பற்றி ஆய்வுகள் சற்றுத் தெளிவாகவே பேசுகின்றன. வலென்சியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழுவொன்று, 2000 முதல் 2017 வரை வெளியான 54 ஆய்வுகளைத் தொகுத்து 2018 இல் வெளியிட்டது. அவற்றில் பங்கேற்றவர்கள் 1.7 லட்சம் பேருக்கும் மேல். தகவல் சார்ந்த உரைகளில் தாளில் படித்தவர்களே நன்கு புரிந்துகொண்டனர். நேர நெருக்கடி இருந்தபோது வேறுபாடு கூடியது. வெறும் கதையாக இருந்தால் வேறுபாடு தெரியவில்லை. அது ஏற்கெனவே வாசிக்கத் தெரிந்தவர்களைப் பற்றியது. நமக்கு நெருக்கமானது, 1 முதல் 8 வயது வரையிலான 1,812 குழந்தைகளைப் பற்றிய 39 ஆய்வுகளை நார்வே ஆய்வாளர்கள் 2021 இல் தொகுத்தது. ஒரே கதையைத் தாளிலும் திரையிலும் கொடுத்தால் தாளே முந்தியது. கதையின் போக்கோடு பொருந்திய அசைவும் ஒலியும் இருந்தபோது திரை முந்தியது. திரையில் அகராதி வசதி சேர்த்தபோது சொல்வளம் கூடியது. கதை புரிவதற்கு அது கைகொடுக்கவில்லை. நட்சத்திரமும் கைதட்டலும் கதையோடு பொருந்திய அசைவு ஆகா என்பதைச் செயலி தயாரிப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

நிமிடத்துக்கு எத்தனை சொல் படித்தாய் என்று எண்ணுவதிலும் எனக்கு ஐயம் உண்டு. 'போய்க்கொண்டிருந்தபோது' தமிழில் ஒரு சொல். ஆங்கிலத்துக்கு வகுத்த வேக அளவை அப்படியே இங்கே கொண்டுவந்து வைத்தால், நல்ல வாசகியும் மந்தமானவளாகத் தெரிவாள். எண்ணிக்கையைத் துரத்தும் குழந்தைகள் எளிய கதையையே திரும்பத் திரும்பப் படித்து நட்சத்திரம் சேர்த்ததும் உண்டு.

அச்சுப் புத்தகத்தின் குறையை மறைக்கவும் கூடாது. பத்தே புத்தகங்கள் இருந்தால், இரண்டே வாரத்தில் குழந்தைகள் அவற்றை மனப்பாடம் செய்துவிடுவார்கள். படத்தைப் பார்த்து வரியை ஒப்பிப்பதைக் கேட்டால் சரளமாகப் படிப்பதுபோலவே இருக்கும். படத்தைக் கையால் மூடி, கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படிக்கச் சொன்னால்தான் உண்மை வெளிப்படும். செயலியில் கதைகளுக்குப் பஞ்சமில்லை, கைபேசிக்குத்தான் பஞ்சம். அப்பா வேலையிலிருந்து திரும்பும் இரவு எட்டு மணிக்குப் பிறகே அது குழந்தையின் கைக்கு வருகிறது. அதற்குள் பாதிக் குழந்தைகள் தூங்கிவிடுகிறார்கள்.

2018 முதல் பாடநூல்களில் அச்சான க்யூஆர் குறியீட்டின் வழியாக வரும் காணொளிகளை மூன்றாவது போட்டியாளராக வைக்கலாம். ஆனால் அவை பெரும்பாலும் பார்க்க வைப்பவை. வாசிப்புப் பயிற்சியாக எண்ண முடியாதவை.

எழுத்து அறிமுகக் கட்டத்தில் என் தெரிவு தாளும் பென்சிலும்தான். கைபேசி அங்கே தேவையே இல்லை. எழுத்து தெரிந்தும் சொல்லைக் கூட்டிக் கூட்டிப் படிக்கும் இடைக்கட்டத்தில், அதாவது 'நுழை'யிலிருந்து 'நட'வுக்குப் போகும் வேளையில், நாளுக்குப் பத்து நிமிடம் செயலி. அதே கதை அச்சில் கிடைத்தால் மறுநாள் அதையும் படித்து, யாரிடமாவது சொல்ல வேண்டும். 'ஓடு' நிலைக்கு வந்தவர்களுக்கு மறுபடியும் புத்தகம். ஒரு மையத்துக்குக் கொஞ்சம் பணம் கிடைத்து, ஒரு கைப்பேசியா ஐம்பது சிறு புத்தகங்களா என்று கேட்டால், உரக்கப் படிப்பதைக் கேட்க ஒரு பெரியவர் மாலையில் வரக்கூடிய ஊருக்கு ஐம்பது புத்தகங்களையும், அப்படி ஒருவரும் வர வழியில்லாத ஊருக்குக் கைபேசியையும் வாங்கச் சொல்வேன்.