எல்க் வேட்டையில் குண்டுகள்: ஈயத்திலிருந்து செம்புக்கு

அமெரிக்காவின் கொலராடோ மலைகளில் எல்க் என்ற பெரிய மான் வேட்டைக்கு நான் எடுத்துப் போவது எப்போதும் ஒரே ரைபிள்தான், .30-06 தோட்டா போடுவது. 1906-ல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட தோட்டா அது; இன்றைக்கும் எல்க்குக்குத் தாராளமாகப் போதும். பல பருவங்களாக நான் மாற்றிப் பார்த்தது அதன் முனையில் உட்காரும் குண்டை மட்டும்தான்.

வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோ எடையைச் சாதாரணமாகத் தொடும். தோலும் தடிப்பு, தோள் எலும்பும் கனம். எல்க்குக்குக் குறைந்தது 85 கிரெயின் (சுமார் 5.5 கிராம்) எடையும் விரியும் தன்மையும் உள்ள குண்டு வேண்டும் என்கிறது கொலராடோ விதி. அது அடிமட்ட அளவு. நான் 165-க்குக் கீழே இறங்குவதில்லை.

முதலில் பயன்படுத்தியது 180 கிரெயின் சாதாரண சாஃப்ட் பாயின்ட், அதாவது முனையில் ஈயம் வெளியே தெரியும் குண்டு. செம்பு உறைக்குள் ஈயம், அவ்வளவுதான். விலாவில் பட்டால் ஒரு குறையும் சொல்ல முடியாது. கிட்டத்தில் நின்ற ஓர் ஆண் எல்க்கின் தோள் எலும்பில் பட்டபோதுதான் அதன் பலவீனம் தெரிந்தது. உறை தனியாக, ஈயம் துண்டு துண்டாகப் பிரிந்து, ஒரு நுரையீரலோடு நின்றுவிட்டது. பொழுது சாயும்வரை தடம் பார்த்துப் போய் இரண்டாவது குண்டு போட வேண்டியிருந்தது. ஒரு விலங்கை அவ்வளவு நேரம் தவிக்கவிடுவது கொடுமை.

அதன்பிறகு மாறியது நோஸ்லர் பார்ட்டிஷன் என்ற குண்டுக்கு. 1946-ல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், சேறு அப்பிக் காய்ந்திருந்த மூஸ் (எல்க்கைவிடப் பெரிய மான்) ஒன்றின் உடம்பில் தன் குண்டுகள் ஆழமாக இறங்காததைப் பார்த்து ஜான் நோஸ்லர் வடிவமைத்தது. உறையின் நடுவே ஒரு தடுப்பு இருக்கும். முன்பாதி விரிந்து சிதறும், பின்பாதி சிதையாமல் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். தோளில் பட்டாலும் நம்பலாம்.

அப்படியிருந்தும் செம்புக்கு மாறியதற்குக் காரணம் இறைச்சி. வீட்டில் குழந்தைகளும் சாப்பிடுகிறார்கள். சிதறும் ஈயத் துணுக்குகள் காயத்திலிருந்து தள்ளியுள்ள சதையிலும் கிடப்பதை எக்ஸ்ரே படங்கள் காட்டியிருக்கின்றன. கலிபோர்னியாவில் அப்படி ஈயம் கிடந்த சதையைத் தின்ற காண்டோர் கழுகுகள் ஈய நஞ்சால் செத்ததால், 2019 ஜூலை 1 முதல் அங்கே வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது.

இப்போது பயன்படுத்துவது பார்ன்ஸ் நிறுவனத்தின் டிடிஎஸ்எக்ஸ் குண்டு, 165 கிரெயின். ஈயமே இல்லாத செம்புக் குண்டு. முனை நான்கு இதழாக விரியும், எடை ஏறக்குறைய அப்படியே மிஞ்சும். அதனால் 180-லிருந்து இறங்கியதில் எனக்கு எந்த இழப்பும் தெரியவில்லை. பெரும்பாலும் மறுபக்கம் துளைத்து வெளியேறிவிடும். இரண்டு பக்கமும் ரத்தம் வடிவதால் பனியில் தடம் பிடிப்பது சுலபம். ரத்தம் கட்டிப்போய் வெட்டி எறிய வேண்டிய சதையும் குறைவு.

ஆனால் செம்பு விரிய வேகம் வேண்டும். வினாடிக்கு 2000 அடிக்குக் கீழே போனால் எனக்கு அதன்மேல் நம்பிக்கை இல்லை, அதனால் 300 கெஜத்துக்கு அப்பால் சுடுவதில்லை. நுரையீரலில் மட்டும் பட்டால் எல்க் கொஞ்ச தூரம் நடந்துவிட்டுத்தான் விழுகிறது. ஆகவே குறியைத் தோளை ஒட்டிச் சற்று முன்னால் வைக்கிறேன். உள்ளே எலும்பு இருந்தாலும் இந்தக் குண்டு பொருட்படுத்தாது.

விலை கூடுதல்தான். ஈயக் குண்டிலிருந்து மாறும்போது குழலை நன்றாகச் சுத்தம் செய்துவிட்டுக் குறி பாருங்கள். அப்புறம், எல்லா ரைபிளுக்கும் இது ஒத்துவராது. என் நண்பரின் பழைய ரைபிளில் செம்புக் குண்டுகள் இலக்கில் ஓரிடத்தில் சேர்ந்து படவே இல்லை. அவர் பார்ட்டிஷனிலேயே இருக்கிறார், காயத்தைச் சுற்றிச் சதையைத் தாராளமாக வெட்டி ஒதுக்கிவிடுகிறார்.