தோணிக்கு சின்ன மோட்டர் தேடுற ஆக்களுக்கு: மட்டக்களப்பு வாவியில ஓட்டிப் பாத்த கதை

கடலுக்குத் தொழிலுக்குப் போறவங்களுக்கு இது சரிவராது, அவங்கட இஞ்சின் கதை வேற. பின்னேரம் தூண்டிலோட வாவிக்குள்ள இறங்கி, திரும்பி வரக்குள்ள எதிர்காத்தில சவள் (துடுப்பு) போட்டுப் போட்டு தோள்மூட்டு கழண்டு போற ஆக்களுக்குத்தான் எழுதுறன். என்ட தோணி பதினாறடி பைபர், ரெண்டு பேர், ஒரு ஐஸ் பெட்டி, அவ்வளவுதான் பாரம். பூட்டினது 12 வோல்ட் எலக்ட்ரிக் மோட்டர், 30 பவுண்ட் தள்ளுவிசை, முன்னுக்கு அஞ்சு ஸ்பீட் பின்னுக்கு மூணு.

மோட்டர் நல்லம், பெருசா குறை சொல்ல ஒண்டுமில்ல. ஆனா நீங்க சந்தோசமா போய் வாறதா நடு வாவியில நிக்கிறதா எண்டத ப்ரொப்பலரும் (தண்ணிக்குள்ள சுத்தித் தள்ளுற விசிறி) பேட்டரியும்தான் முடிவு செய்யும், கடையில அதப்பத்தி வாயே திறக்க மாட்டாங்க, "30 காணாது தம்பி, 55 எடுங்களன்" எண்டே நிப்பாங்க.

55 எனக்கு ஏன் வேணாம் எண்டா, இந்த மோட்டர்கள் முழு ஸ்பீட்ல பவுண்டுக்கு கிட்டத்தட்ட ஒரு அம்பியர் இழுக்கும். 30க்கு 30 அம்பியர், அது 360 வாட், அரைக் குதிரைவலுகூட வராது. கேக்க சின்னதா இருக்கும், ஆனா தோணி ஒடுங்கின சாமான், கொஞ்சத் தள்ளுக்கே போகும். பதினாறடித் தோணி அஞ்சு நொட் (மணிக்கு அஞ்சு கடல்மைல்) ஸ்பீட்டுக்கு வந்தா தான் எழுப்புற அலையில தானே மாட்டிக்கொள்ளும், அதுக்கு மேல தள்ள கரண்ட் கன்னாபின்னா எண்டு போகும், ஸ்பீட் கூடாது. பெரிய மோட்டர் உதவுறது எதிர்காத்துக்குத்தான். கச்சான் காத்து அடிக்கிற மாசங்களில கிழக்குக் கரைக் குருக்கள்மடத்தில இருந்து மேற்குக் கரை அம்பிளாந்துறைப் பக்கம் போறவருக்கு மேற்குக் காத்து முகத்திலயே அடிக்கும், அவர் 40, 45 எண்டு பாக்கலாம், எனக்குத் தேவையில்ல.

பேட்டரிக்கு வாறன். 100 அம்பியர்-அவர் (அம்பியர மணித்தியாலத்தால பெருக்கின அளவு) ஈயப் பேட்டரி கிட்டத்தட்ட 30 கிலோ வரும், அதில பாதிக்குமேல இறக்கினா ஆயுசு குறையும், அப்ப கையில கிடக்கிறது 50. முழு ஸ்பீட்ல ஒண்டரை மணித்தியாலமும் சந்தேகம். அரை ஸ்பீட்ல போனா பத்துப் பன்னிரெண்டு அம்பியர்தான் இழுக்கும், அப்ப நாலு மணித்தியாலம் ஓடும், ஆகவே முறுக்கிற கைய அடக்குங்க. அதே அளவு லித்தியம் பேட்டரி, இரும்பு பொஸ்பேட் எண்டு சொல்லுற வகை, பன்னிரெண்டு கிலோ மட்டில, எண்பது சதவீதம் வரை இறக்கலாம். விலை மோட்டரையே தாண்டிப் போகும், வயிறு எரியும்தான், ஆனா தோணியில பதினெட்டுக் கிலோ குறையிறதெண்டா ஒரு சின்னப் பிள்ளைய கரையில இறக்கிவிட்ட மாதிரி. பேட்டரிக்குப் பக்கத்திலயே கரண்ட் கூடினா தானா வெட்டுற 50 அம்பியர் பிரேக்கர் ஒண்டு கட்டாயம் போடுங்க, வயர நீட்டுறதெண்டா மொத்த வயரா போடுங்க, மெல்லிசுல நீட்டினா சூடாகும், ஸ்பீடும் செத்துப்போகும்.

இப்ப ப்ரொப்பலர். பெட்டிக்குள்ள வந்தது மூணு பிளேட். திறந்த தண்ணியில நல்லா இழுக்குது, அதிர்வும் குறைவு. ஆனா நம்மட வாவியில திறந்த தண்ணி எங்க கிடக்கு? வலையிறவுப் பக்கம் போனா பாசி, மழைக்குப் பிறகு ஆற்றுவாழையும் சல்வீனியாவும் கூட்டம் கூட்டமா மிதந்து வரும், மூணு பிளேட்டுக்குள்ள அது கயிறு மாதிரி முறுகி மோட்டர் முக்கத் தொடங்கும், அம்பியர் ஏறும், நீங்க மோட்டரத் தூக்கி கையால பிச்சுப் பிச்சு எறியணும். பின்னுக்கு வளைஞ்ச அகலமான ரெண்டு பிளேட் வகை தனியா விக்குது, வாங்கி மாட்டினன், பாசி பிளேட்டில நிக்காம வழுக்கிப் போகுது. ஸ்பீட்ல வித்தியாசம் எனக்கு விளங்கேல்ல. புதுசா வாங்குற ஆள் மூணு பிளேட்டப் பெட்டிக்குள்ளயே வெச்சிட்டு ரெண்டு பிளேட்ட மாட்டலாம்.

ப்ரொப்பலருக்குள்ள குறுக்கால ஒரு சின்னப் பின் இருக்கும், கட்டையில கிட்டையில அடிச்சா அது உடைஞ்சு மோட்டரக் காப்பாத்தும். மேலதிகமா ரெண்டு பின்னும் ஒரு ஸ்பானரும் தோணியிலயே கிடக்கட்டும்.

ஆழம் அடுத்த தலையிடி. மோட்டர் தண்ணிக்குக் கீழ ஒரு அடியாவது இருக்கணும், இல்லாட்டி காத்த இழுத்துச் சத்தம் போடுமே தவிர தள்ளாது. முழங்கால் தண்ணி வந்தா தூக்கி வெச்சிட்டு கம்பால ஊண்டுறதுதான் வழி. என்ட தோணிக்கு ரெண்டு பக்கமும் கூர், பின்னுக்கு மோட்டர் மாட்ட பலகை இல்ல, அதால குறுக்கால ஒரு மரத்தப் போல்ட் போட்டு, பின்னால இருக்கிற ஆளின்ட கைக்கு எட்டுற மாதிரி பக்கவாட்டில மாட்டினன். மோட்டர் ஒரு பக்கம் எண்டா பேட்டரி மற்றப் பக்கம், கொஞ்சம் அணியத்துக்கு (முன்பக்கத்துக்கு) தள்ளி. இதப் பாத்த அயலூர் மாமா ஒராள், "மனே, தோணியில கறண்ட் அடிக்காதா?" எண்டு கேட்டார், 12 வோல்ட் எண்டு சொல்லியும் நம்பேல்ல, இன்னும் ஏறேல்ல.

பெற்றோல் மோட்டர் எண்டா ஹொண்டா பிஎஃப் 2.3 பாருங்க, காத்தில குளிருற இஞ்சின், தண்ணி இழுக்கிற குழாய் இல்ல, அதால சேறும் பாசியும் அடைக்கிற கதையில்ல, நிறையும் பதினாலு கிலோவுக்குள்ள. சுசுக்கி டிஎஃப் 2.5ம் கிட்டத்தட்ட அதே நிறைதான், ஆனா தண்ணியில குளிருறது. தூரம் போறவருக்கு பெற்றோல்தான் சரி, அரை லீற்றர் கூடக் கொண்டு போனா பயமில்ல. சத்தம்தான் காது கிழியும், பௌர்ணமிக்கு கல்லடிப் பாலத்தடியில பாடுமீன் கேக்கப் போறன் எண்டு இதோட போனா பக்கத்துத் தோணிக்காரன் சவளால அடிப்பான்.

வாவித் தண்ணி உப்பு கலந்தது, முகத்துவாரம் வெட்டுற காலத்தில இன்னும் மாறும். மின் கோட்டா (Minn Kota) எண்ட எலக்ட்ரிக் மோட்டர் கொம்பனியில உப்புத்தண்ணிக்கெண்டே ரிப்டைட் எண்டு தனி வரிசை இருக்கு, விலை கூட. நல்லதண்ணி மொடல்தான் வாங்குறீங்க எண்டா ஒவ்வொரு தடவையும் கிணத்துத் தண்ணியால கழுவணும், மோட்டர உப்பு அரிக்காம தான் கரைஞ்சு போற நாகக்கட்டி (துத்தநாகம்) ஒண்டு பூட்டணும், இரவில தண்ணிக்குள்ள விடவே கூடாது.

காசு குறைவா இருந்தா மோட்டர பழசா எடுங்க, பேட்டரிய மட்டும் புதுசா. பழசு எடுக்கக்குள்ள ப்ரொப்பலரக் கழட்டி உள்ளுக்குப் பாக்காம காசு குடுக்காதீங்க, தங்கூசி (தூண்டில் நைலோன் நூல்) சுத்திக் கிடந்தா தண்ணி போகாம அடைக்கிற ரப்பர் சீல் வெட்டுப்பட்டு தண்ணி உள்ள போயிருக்கும், வெளியில எவ்வளவு பளபளப்பா இருந்தாலும் அத அங்கேயே விட்டுட்டு வந்திடுங்க.