பெயரில்லாத பெட்டியில் வந்த பிரஷர் கேஜ்: ஆறு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் உள்ள உதிரிபாகக் கடை ஒன்றில் 1,850 ரூபாய்க்கு வாங்கிய எரிபொருள் அழுத்தமானியை ஆறு மாதமாகப் பயன்படுத்தி வருகிறேன். பெட்டியின் மேல் தயாரிப்பாளர் பெயர் எதுவும் இல்லை. உள்ளே 10 பார் (பார் என்பது அழுத்த அலகு) வரை காட்டும் கிளிசரின் நிரப்பிய கேஜ் ஒன்றும், பல அளவுகளில் பித்தளை டி இணைப்புகளும், அறுபது சென்டிமீட்டர் நீள ரப்பர் குழாயும், அழுத்தத்தை வெளியேற்றும் பொத்தானும், அதிலிருந்து வழியும் பெட்ரோலைப் பிடிக்க ஒரு மெல்லிய குழாயும் இருந்தன. டர்போ காரை மாற்றியமைத்து ஓட்டும் எவரும் வைத்திருக்க வேண்டிய கருவி இது என்றே கருதுகிறேன். ஆனால் பெட்டியில் வந்த நிலையிலேயே அதைக் காரில் மாட்டக் கூடாது.

என்னிடம் இருப்பது 1.8 லிட்டர் டர்போ எஞ்சின் கொண்ட பழைய ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ். எஞ்சின் கணினியின் மென்பொருளை மாற்றி, டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் கூடுதல் அழுத்தமான பூஸ்டை 1 பாருக்கு உயர்த்தியிருக்கிறேன். டேங்கிலிருந்து எஞ்சினுக்குப் பெட்ரோலை அனுப்பும் பம்பு மட்டும் காரோடு வந்ததே. கடந்த ஆண்டு முதல், முழு ஆக்சிலரேட்டரில் 5,000 ஆர்பிஎம்மைத் தாண்டும்போது வண்டி தயங்கத் தொடங்கியது. 11.8-இல் நிற்க வேண்டிய காற்று–எரிபொருள் விகிதம் 13.7 வரை ஏறுவதை, அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் குறைவதை, புகையை வைத்து அந்த விகிதத்தை அளக்கும் வைட்பேண்ட் மீட்டர் காட்டியது. பூஸ்டில் இருக்கும்போது பெட்ரோல் குறைந்தால் எஞ்சின் நாக் ஆகும், அதாவது உள்ளே எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடித்து எரியும். தொடர்ந்தால் பிஸ்டனே உருகும் என்பதால் அன்றிலிருந்து காரை மெதுவாகவே ஓட்டினேன். எத்தனால் கலந்த பெட்ரோலில் அதே சக்தியைப் பெறச் சற்றுக் கூடுதல் எரிபொருள் தேவைப்படும் என்பதால், பம்பின் உபரித் திறன் ஏற்கெனவே குறைந்திருந்தது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

வழக்கமாகச் செல்லும் பட்டறையில் ஐடிலிங்கில் அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, "ரெண்டரை பார் காட்டுது சார், பிரஷர் சரியாத்தான் இருக்கு, இன்ஜெக்டரை மாத்திடலாம்" என்றார்கள். இன்ஜெக்டர் என்பது எஞ்சினுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சும் முனை. ஐடிலிங்கில் எஞ்சின் குடிக்கும் பெட்ரோல் மிகச் சொற்பம் என்பதால், பாதி செத்த பம்புகூட அங்கே சரியான எண்ணைக் காட்டிவிடும். அழுத்தம் எங்கே விழுகிறதோ அங்கேதான் அதைப் பார்க்க வேண்டும். இந்த ஒரே காரணத்துக்காகத்தான் கேஜைச் சொந்தமாக வாங்கினேன்.

வந்த குழாய் அதற்குப் போதாது. ஓடும் காரில் கேஜைப் பார்க்க வேண்டுமானால், பானட்டின் பின்விளிம்பு வழியாகக் குழாயை வெளியே எடுத்து, கேஜை முன்கண்ணாடியின் மேல் வைப்பர் கைக்கு அடியில் நிறுத்திக் கட்ட வேண்டும். பெட்ரோல் உள்ள குழாயைக் காருக்குள் கொண்டுவருவதை எந்தச் சூழலிலும் செய்யாதீர்கள். ஆகவே ஒன்றரை மீட்டர் நீளத்துக்கு இன்ஜெக்ஷன் தரக் குழாய் தனியாக வாங்கினேன். பெட்டியில் வந்த கிளாம்புகளின் துளைப்பற்கள் ரப்பரை அறுக்கின்றன என்பதால், ஓரம் மடிந்த வழவழப்பான கிளாம்புகளாக அவற்றையும் மாற்றினேன். பம்பின் ஃபியூஸைப் பிடுங்கி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, அழுத்தம் இறங்கிய பிறகே குழாயில் கை வைத்தேன். தீயணைப்பான் அருகிலேயே இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில், இரண்டாவது கியரில், பக்கத்தில் அமர்ந்த நண்பர் முள்ளைப் படித்துச் சொல்லச் சொல்ல ஓட்டினேன். இந்த எஞ்சினில், பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் வேக்குவம் குழாயைக் கழற்றினால் அழுத்தம் 3 பார். பூஸ்ட் ஏறும் அளவுக்கு அதுவும் கூட வேண்டும் என்பதால், 1 பார் பூஸ்டில் 4 பார் காட்ட வேண்டும். 4,000 ஆர்பிஎம்மில் முள் 3.9-ஐத் தொட்டது. 5,000-ஐத் தாண்டியதும் கீழே சரிந்து, 5,500-இல் 3.2-இல் நின்றது. இன்ஜெக்டரின் இருபுறமும் உள்ள அழுத்த வேறுபாடு 3 பாரிலிருந்து 2.2 பாராகக் குறைந்தது என்பது இதன் பொருள். இன்ஜெக்டர் வழியே பாயும் அளவு இந்த வேறுபாட்டின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப மாறுவதால், ஏறத்தாழ 14 விழுக்காடு பெட்ரோல் குறைகிறது. வைட்பேண்ட் காட்டிய 13.7-க்கும் இதற்கும் கணக்கு ஒத்துப்போனது. கிளிசரின் நிரப்பியிருப்பதால் முள் அதிர்வில் ஆடாமல் நின்றது இந்தக் கேஜின் பெரிய பலம். 10 பார் அளவுகோலில் 0.1 பாரைக் கண்ணால் பிரித்தறிவது கடினம் என்பது பலவீனம். 6 பார் கேஜ் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

ரெகுலேட்டரா, பம்பா என்பதைப் பிரிக்க ஒரு சைக்கிள் பம்பு போதுமானதாக இருந்தது. எஞ்சின் ஆறியபின், பேட்டரியைச் சார்ஜர் மூலம் 13.8 வோல்ட்டில் நிறுத்தி, பெட்ரோல் பம்பை மட்டும் ஓடவிட்டு, ரெகுலேட்டரின் வேக்குவம் முனையில் சைக்கிள் பம்பால் 1 பார் காற்றைக் கொடுத்தேன். முள் 3-இலிருந்து 4-க்கு அப்படியே ஏறி நின்றதால் ரெகுலேட்டர் மீது குற்றமில்லை. அதே நிலையில், மிச்சப் பெட்ரோலை டேங்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் குழாயை அளவுக் கேனில் விட்டு 30 வினாடி பிடித்தால் வந்தது 550 மில்லி மட்டுமே; மணிக்கு 66 லிட்டர். ஃபில்டரைப் புதிதாக மாற்றிய பிறகும் அளவு அசையவில்லை.

பம்பை மாற்றத்தான் வேண்டும் என்று நானும் நினைத்த நேரத்தில், பின் இருக்கையைத் தூக்கி, பம்பின் இணைப்பில் மல்டிமீட்டரை வைத்தேன். பேட்டரியில் 13.8 வோல்ட் இருக்க, அங்கே வந்து சேர்ந்தது 11.1. வோல்ட் குறைந்தால் பம்பு மெதுவாகச் சுழன்று குறைவாகவே பெட்ரோலைத் தள்ளும். பாசிட்டிவ் கம்பியில் 1.1 வோல்ட்டும், கிரவுண்ட் பக்கத்தில் 1.6 வோல்ட்டும் விழுந்திருந்தன. கிரவுண்ட் போல்ட்டைக் கழற்றியபோது வளையத்தின் அடியில் பச்சைப் பொடியும், தகட்டில் துருவும் படிந்திருந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது மடிப்பாக்கத்தில் எங்கள் தெருவில் தேங்கிய நீர் காருக்குள் புகுந்தது நினைவுக்கு வந்தது. அன்று கம்பளத்தை உலர்த்தியதோடு நிறுத்திவிட்டேன்.

தகட்டைப் பளபளக்கத் தேய்த்துப் புதிய வளையத்தை இறுக்கி, பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக 4 சதுர மில்லிமீட்டர் கம்பி இழுத்து, மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சான ரிலே ஒன்றைப் பொருத்தினேன். விபத்தில் எஞ்சின் நின்றால் பம்பும் நிற்க வேண்டும் என்பதால், பழைய கம்பியே அந்த ரிலேயை இயக்குகிறது. இப்போது பம்பில் 13.4 வோல்ட், 4 பாரில் 30 வினாடிக்கு 950 மில்லி. வெளிவட்டச் சாலையில் 5,500-இல் முள் 3.9-க்குக் கீழே இறங்கவில்லை. பம்பும் இன்ஜெக்டரும் பழையவையே.

கேஜின் துல்லியத்தின் மேல் ஐயம் இருந்ததால், அளவுத்திருத்தம் செய்த வேறொரு கேஜோடு காற்றில் இணைத்துப் பார்த்தேன். 5 பார் வரை வேறுபாடு முள்ளின் தடிமனைத் தாண்டவில்லை. விரைவு இணைப்பில் இருந்த கறுப்பு ஓ-ரிங்குகள்தான் ஏமாற்றம். நான்காவது மாதத்தில் அவை பெட்ரோலில் ஊறி உப்பி, இணைப்பில் கசிவு தொடங்கியது. எத்தனாலைத் தாங்கும் வைட்டான் ஓ-ரிங்குகளை அதே சாலையில் சில பத்து ரூபாய்க்கு வாங்கி மாற்றினேன். குழாய், கிளாம்பு, ஓ-ரிங் எல்லாம் சேர்த்து மேலும் 700 ரூபாய் ஆயிற்று. வாங்குகிறவர்கள் அந்தத் தொகையையும் விலையோடு சேர்த்தே வைத்துக்கொண்டு, கசிவைச் சோதித்த பிறகே சாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.