ஐந்து கப்பல் படம்: டர்பனில் கான்வாஸ் அச்சு வாங்கிய கதை

ஜெர்மன் ஓவியர் காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிஷின் ‘வாழ்வின் நிலைகள்’ ஓவியத்தை டர்பனில் ஒரு கடையில் கான்வாஸில் அச்சடித்து வாங்கினேன், சட்டத்தோடு 1,450 ரேண்ட். ஜெர்மனியில் லைப்சிக்கில் இருக்கும் அசலே ஏறத்தாழ 73க்கு 94 செ.மீ. தான், அதனால் அதே அளவில் வீட்டிலும் மாட்டலாம் என்று ஆசை.

முதலில் கொடுத்த பிரதியைத் திருப்பிக் கொண்டுபோனேன். வானத்தில் ஆரஞ்சு தூக்கல், மேலே பளபளப்புப் பூச்சு, லைட் போட்டால் விளக்குதான் தெரிகிறது, தூரத்துக் கப்பல்களைக் காணவே காணோம். மற்ற படமென்றால் விட்டிருப்பேன். இதில் கரையில் ஐந்து பேர், கடலில் ஐந்து கப்பல்: நமக்கு முதுகு காட்டி நிற்கும் கிழவர், தொப்பி வைத்த ஒரு ஆள், ஒரு இளம்பெண், ஸ்வீடன் கொடி பிடித்திருக்கும் இரண்டு பிள்ளைகள் (ஃப்ரீட்ரிஷ் பிறந்தபோது அவருடைய ஊர் கிரைஃப்ஸ்வால்ட் ஸ்வீடன் கையில் இருந்தது). ஒவ்வொரு கப்பலும் ஒருவருடைய ஆயுள் என்று பலரும் சொல்கிறார்கள், ஆயுளில் எவ்வளவு போயிற்று என்பதைக் கப்பல் இருக்கும் தூரம்தான் காட்டுகிறது, அந்தத் தூரமே அழிந்துவிட்டால் மிச்சம் ஒரு காலண்டர் படம்தான். கிழவர் ஃப்ரீட்ரிஷேதான் என்பார்கள். 1835 வாக்கில் வரைந்தது, அந்த வருடம்தான் அவருக்குப் பக்கவாதம் வந்தது. 13 வயதில் தம்பி தண்ணீரில் மூழ்கியதைக் கண்ணால் பார்த்தவர் அறுபதில் கடலை இவ்வளவு அமைதியாக வரைந்திருக்கிறார், நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

கடைக்காரர் முகம் சுளிக்கவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து, நிறத்தைக் குறைத்து, சிறு துண்டில் அச்சடித்துக் காட்டி, அப்புறம் பூச்சில்லாத மேட் கான்வாஸில் முழுசாகப் போட்டுக் கொடுத்தார், கூடுதல் காசு வாங்கவில்லை. இப்போது அந்தி மஞ்சள் மெதுவாக ஊதாவில் இறங்குவது தெரிகிறது, கடைசிக் கப்பலும் இருக்கிறது.

மாட்டிய அன்று ஆயா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “கப்பல் வருதா, போகுதா?” என்று கேட்டார். 1860இல் இந்திய ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு மதராஸிலிருந்து ட்ரூரோ என்ற முதல் கப்பல் வந்ததற்குப் பிறகு இந்தத் துறைமுகத்தில் இறங்கிய குடும்பம் எங்களுடையது. எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

குறை ஒன்று இருக்கிறது. கான்வாஸைச் சட்டத்தின் பக்கவாட்டில் மடித்ததில், கரையோரம் கவிழ்த்து வைத்த படகில் கொஞ்சம் உள்ளே போய்விட்டது, அதைச் சவப்பெட்டியாகப் பார்க்கிறவர்களும் உண்டு, போகக் கூடாத இடம். நீங்கள் செய்யச் சொன்னால், படத்தைச் சுற்றி நாலு விரல் வெற்று ஓரம் விட்டு அச்சடிக்கச் சொல்லுங்கள்.